காசா, கைத்துணையா?

அரசு செலவைக் குறைப்பது என்று வந்தால் எதில் கை வைப்பது: முதியோர், மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவிலா, வீடு தேடி வரும் பராமரிப்புச் சேவையிலா? இரண்டிலும் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம்.

2023இல் இலங்கை அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது முதியவருக்கு மாதம் 2,000 ரூபா, மாற்றுத்திறனாளிக்கு 5,000. காசென்றால் மருந்தா, அரிசியா என்று அவர்களே முடிவெடுக்கலாம். ஆனால் விலைவாசி ஏறினால், யாரும் வெட்டாமலே அது தேயும்.

சேவையின் அருமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் எங்கள் பெத்தாவுக்குத்தான் (பாட்டிக்குத்தான்) தெரியும். காசு தலையணைக்குக் கீழே இருக்கிறது. புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லை. வாராவாரம் வந்து முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்டிய பராமரிப்புச் சேவைப் பிள்ளை வராமல் விட்ட மாதம் புண் ஆழமாகிவிட்டது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் வந்து பட்டணம் கிட்டவாகிவிட்டதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரை ஆட்டோவில் எப்படி ஏற்றுவது?