ஈசிஆர் ஓரம் ஒரு கன்டெய்னர் வீடு: புழங்கிப் பார்த்ததில்

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, குடும்பத் தோப்பில் கப்பலில் சரக்கு ஏற்றும் 20 அடி கன்டெய்னர்கள் இரண்டை ‘எல்’ வடிவில் வைத்து, நடுவில் மரத்தளம் போட்டு, விடுமுறை வீடாகப் புழங்குகிறோம். 2022 கோடையில் டிரெய்லரில் வந்தது. பொழுது சாய்வதற்குள் கிரேன் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்த டிசம்பர் 9 இரவே மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. பெட்டிகள் இம்மி நகரவில்லை. ஜன்னலோரம் கொஞ்சம் தண்ணீர் இறங்கியதோடு சரி.

புயலைத் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உப்பைத் தாங்குமா என்று கேட்க வேண்டும். கன்டெய்னர் தகடு கார்ட்டென் எஃகு. மேலே படியும் துருவே அடுத்த துருவைத் தடுக்கும் என்பார்கள். கடலை விட்டுத் தள்ளியிருந்தால் அது சரி. உப்புக் காற்றில் அந்தப் படலம் நிலைக்காது, உரிந்துகொண்டே இருக்கும். அதிலும் முதலில் போனது ஜன்னலுக்காக வெட்டி வெல்டிங் வைத்த விளிம்புதான். அங்கே பழைய பெயின்ட் கருகியிருக்கும், மேலே பூசியது ஒட்டாது. அலுமினியச் சட்டம் நேரே இரும்பில் உட்கார்ந்த இடமெல்லாம் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இடையில் ரப்பர் கொடுத்த ஒரே ஜன்னல் இன்றும் புதுசு போல இருக்கிறது. 304 ரக ஸ்டெயின்லெஸ் திருகுகளில் டீக்கறை போலப் பழுப்பாகத் துரு படிந்துவிட்டது. 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான்.

வெக்கைக்கு உள்ளே பஃப் (வெப்பம் தடுக்கும் நுரை) அடித்திருந்தும் மத்தியானம் அடுப்புதான். பிறகு சவுக்குக் கம்பு நட்டு, பெட்டிக்கு மேல் காற்றுப் போக இடம் விட்டுக் கீற்று வேய்ந்தோம். பசுமைக் கட்டடம் என்று கொட்டேஷனில் போட்டுத் தந்த எதுவும் அந்தக் கொட்டகை அளவுக்கு உதவவில்லை. கடல்காற்று எழுந்துவிட்டால் ஏசி நினைப்பே வருவதில்லை. கீற்று மாற்றும் செலவு உண்டு, ஆனால் ஊரிலேயே ஆள் இருக்கிறது.

பழைய கன்டெய்னர் வாங்கினால் தரைப்பலகையை மாற்றிவிடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகை அது, குழந்தைகள் தவழும் இடத்துக்கு ஆகாது.

கடைசியாக அனுமதி. “தூக்கிக்கொண்டு போகிற வீடுதானே சார், பர்மிஷன் எதற்கு?” என்று எங்களிடமும் சொன்னார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை சிஆர்இசட் எனும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. தூக்கலாம் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. உங்கள் சர்வே எண் கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.