சி.ஏ.ஆர். பாலிசி: கல்வெர்ட் வேலை எடுப்பவனின் அனுபவம்

அரசு வேலை எடுக்கும் சின்ன கான்ட்ராக்டர்கள் பலர், கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் (சி.ஏ.ஆர்.) பாலிசியை, அதாவது கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு வரும் சேதத்துக்கான காப்பீட்டை, டெண்டர் நிபந்தனைக்காக ஃபைலில் வைக்கும் பேப்பர் என்றே நினைக்கிறார்கள். கிளெய்ம் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது நல்ல பாலிசி. ஆனால் ஏஜென்ட் முதலில் நீட்டுகிற வடிவத்தில் மட்டும் வாங்காதீர்கள்.

நான் தஞ்சாவூர் பக்கம் கல்வெர்ட் (சின்னப் பாலம்), வாய்க்கால் தடுப்புச் சுவர், பள்ளிக்கூடக் காம்பவுண்டு என்று எடுத்துச் செய்பவன். கிளாஸ் பதிவு, சொத்து மதிப்புச் சான்று, ஜி.எஸ்.டி., டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் அலைச்சல்தான். ஆனாலும் என்ன கேட்கிறார்கள் என்பது தெளிவாக இருக்கும். காப்பீடு அப்படி இல்லை. 'பாலிசி வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை மீறி, புதிதாக வார்த்த விங் வால், அதாவது கல்வெர்ட்டின் பக்கச் சுவர், பலகையோடு சாய்ந்தது. அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். சேதம் நடந்து 14 நாளுக்குள் தகவல் போகவில்லையென்றால் கிளெய்மே கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பொறுமையான மனிதர். டேப் பிடித்து அளந்தார். சிமென்ட் ரிஜிஸ்டரை மூட்டைக் கணக்கோடு ஒப்பிட்டார். அஸ்திவாரம் முடிந்ததற்கு எம்-புக் (துறையின் அளவுப் புத்தகம்) நகல் கேட்டார். மழை அளவு எவ்வளவு என்பதற்கும் சான்று வாங்கிக் கொடுத்தேன். ரிஜிஸ்டரைத் தினமும் எழுதி வைத்ததால்தான் அந்தக் கணக்கு நின்றது.

சுவருக்குப் பணம் வந்தது, எக்ஸஸ் தொகை போக, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு போக. வெள்ளம், புயல் மாதிரி சேதங்களுக்கு எக்ஸஸ் மற்றதைவிட அதிகம். கொட்டேஷன் வாங்கும்போது பிரீமியத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். பலகைக்கும் ஜாக்கிக்கும் எதுவும் வரவில்லை. சென்ட்ரிங் சாமான், மிக்சர் இவற்றையெல்லாம் தனி வரியில் மதிப்புப் போட்டுச் சேர்த்தால்தான் உண்டாம். எனக்கு பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இன்னும் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். முழு ஒப்பந்த மதிப்புக்கும் போட வேண்டும், துறை கொடுக்கும் பொருள் இருந்தால் அதையும் சேர்த்து. குறைத்துப் போட்டால் கிளெய்மும் அதே விகிதத்தில் குறையும். துறை கால நீட்டிப்புக் கொடுத்தால் பாலிசியும் தானாக நீளாது, எழுதிக் கொடுத்து நீட்ட வேண்டும். பில் வராமல் வேலையை நிறுத்தி வைத்தால் அதையும் கம்பெனிக்குத் தெரிவியுங்கள், வேலை நின்றதால் வரும் சேதத்துக்குக் கவர் இல்லை. மோசமான வேலையைத் திருத்தும் செலவும் கிடையாது, அது நியாயம்தான்.

முக்கியமானது ஒன்று. இந்த பாலிசியில் மூன்றாம் நபர் பகுதி சேர்த்தாலும் நம் ஆட்கள் அதில் வர மாட்டார்கள். ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டால் கவர் உண்டு, சாரத்திலிருந்து நம் கொத்தனார் விழுந்தால் இல்லை. அதற்கு டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு) தனியாக எடுக்க வேண்டும். உயிரிழப்புக்கு இழப்பீடு, மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி வருவது. 30 வயதுக்குக் காரணி 207.98. மாதம் 15,000 ரூபாய்க் கூலி என்றால் 15,59,850 ரூபாய். கல்வெர்ட் வேலையில் இருந்து அந்தப் பணத்தை எந்தச் சின்ன கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுக்க முடியும்? அந்தக் குடும்பம்தான் தெருவுக்கு வரும். டெண்டரில் கேட்காவிட்டாலும் எடுங்கள். சப்-கான்ட்ராக்டில் வரும் ஆட்களையும் எண்ணிக்கையில் சேருங்கள்.

அடுத்த வேலைக்கும் அதே கம்பெனியில்தான் எடுக்கப் போகிறேன். ஏஜென்ட் மட்டும் வேறு ஆள்.