உள்ளூர்க் கதையா, சேமிப்பில் உள்ள கதையா?

மருத்துவமனைச் சேவையை மேம்படுத்தச் செவிலியரும் நோயாளிகளும் கூடிச் செய்யும் ஆய்வில், நோயாளிகள் தம் அனுபவத்தைச் சொல்லும் கதையை எங்கிருந்து எடுப்பது? இங்கிலாந்தில் இரண்டு வழியையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி, 2005 வாக்கில் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் தொடங்கியது. அங்கேயே சிகிச்சை பெற்றவர்களைப் பேசவைத்துப் படம்பிடித்து, அதைச் சுருக்கி, ஊழியரும் நோயாளியும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். எதை மாற்றலாம் என்று சேர்ந்தே முடிவெடுப்பார்கள். எந்த வார்டு, எந்த வரிசை, எந்த நேரம் என்று கதை குறிப்பாகச் சுட்டும், தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். அடுத்த மாதமும் அதே வார்டுக்கு வரவேண்டியவர் கேமரா முன் மனம்விட்டுப் பேசுவது லேசான காரியமல்ல.

இரண்டாவது, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நாடெங்கும் நோயாளிகளிடம் பதிவுசெய்து சேமித்து வைத்திருந்த நேர்காணல்களிலிருந்து படத்தைத் தொகுப்பது. தீவிர சிகிச்சை, நுரையீரல் புற்றுநோய்ப் பிரிவுகளில் சோதித்தபோது பாதிக் காலமே ஆனது. ‘இது எங்க ஆஸ்பத்திரி இல்லையே’ என்று ஊழியர்கள் ஒதுக்கிவிடவில்லை. குற்றம் தங்கள்மேல் நேராக விழாததால் இன்னும் திறந்து பேச முடிந்தது.

ஆள்பலமும் அவகாசமும் இல்லாத வார்டுக்கு இரண்டாவதையே சொல்வேன். அவகாசம் இருந்தால் முதலாவதுதான்: நோயாளி சொல்லச் சொல்ல எதிரே உட்கார்ந்து கேட்கும் செவிலியருக்குக் கிடைப்பது எந்தச் சேமிப்பிலும் இல்லை.