செவ்வாய்க்கிழமை சலூனும் நாலு கவுண்டர் ஜவுளிக்கடையும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்த கையோடு முடிவெட்டப் போகிறவர்கள் முதலில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தெருமுனை சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. மால்களில் இருக்கும் ஏசி சலூன்கள்தான் அன்றைக்குத் திறந்திருக்கும். ஞாயிறு காலை போனால் பெஞ்சில் ஐந்தாறு பேர் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். புதன், வியாழன் பதினோரு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, வெட்டுகிறவருக்கும் அவசரம் இருக்காது. சின்னக் கடைகளில் அப்பாயின்ட்மென்ட், டோக்கன் எல்லாம் கிடையாது. உள்ளே தலையை நீட்டி “அண்ணே, எத்தனை பேரு இருக்காங்க?” என்று கேட்டாலே வரிசையில் இடம் பிடித்தாயிற்று. கேட்காமல் வாசலில் நின்றால், பின்னால் வந்தவர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அதை யாரும் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் வரும் கேள்வி “மீடியமா, ஷார்ட்டா?” இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் வம்பு. ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையின் ஷார்ட். மெஷின் சீப்பின் நம்பர் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் ஏறக்குறைய 10, 4 என்றால் 13. ஆனால் பல கடைகளில் எல்லா நம்பர் சீப்பும் இருக்காது. இருக்கிறதை மாட்டிவிட்டு மீதியைச் சாதா சீப்பும் கத்தரியும் வைத்துச் சமாளிப்பார்கள். அதனால் “சைடுல மெஷின் வேணாம், கத்தரி மட்டும்” அல்லது “மேலே ரெண்டு விரல் உயரம் இருக்கணும்” என்று விரலை வைத்துக் காட்டுவதே மேல். போனில் படம் காட்டுவதானால் பின்மண்டையும் தெரிகிற படமாக இருக்கட்டும். தண்ணீர் தெளித்து வெட்டுவதால் சுருட்டை முடிக்காரர்கள் அரை விரல் கூட்டியே சொல்ல வேண்டும், காய்ந்தபின் முடி மேலே ஏறிவிடும். கிருதா எதுவரை என்பதையும் காதைத் தொட்டுக் காட்டிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வழக்கப்படி ஏற்றிவிடுவார்.

ஷேவிங் செய்யாவிட்டாலும் பிடரியிலும் காதோரமும் கத்தி போடாமல் விடமாட்டார்கள். இந்தக் கத்தி முழு பிளேடு அல்ல. காகித உறையோடு பிளேடை நீளவாக்கில் மடக்கி ‘டக்’கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகுவார்கள். அந்தச் சத்தம் உங்கள் முன்னால் கேட்க வேண்டும். நீங்கள் உட்காரும்போதே பிடியில் பிளேடு இருந்தால் “புது பிளேடு போட்டுக்குங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். கத்தியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுப்பதை நம்பிப் பயனில்லை. படிகாரக் கல்லை முகத்தில் தேய்ப்பதும் அப்படித்தான்: ரத்தம் நிற்கும், ஆனால் அதே கல் காலையிலிருந்து பத்து முகத்தைப் பார்த்திருக்கும். பவுடர் பிரஷ்ஷையும் வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் தலையைத் தட்டி, தோளை அமுக்கி, கடைசியில் தாடையைப் பிடித்துக் கழுத்தை ஒரு திருகு திருகிச் சொடக்கு எடுப்பார்கள். அன்பாகச் செய்வதுதான், பலர் இதற்காகவே வருகிறார்கள். ஆனால் கழுத்துக்குப் பின்புறம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் இந்தத் திருகலில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. “தலையை மட்டும் தட்டுங்கண்ணே, கழுத்து வேணாம்” என்று மசாஜ் தொடங்கும்போதே சொல்லுங்கள். கை தாடைக்கு வந்தபின் சொல்ல நேரம் இருக்காது.

ஏசி சலூனில் சிக்கல் வேறு. முடிவெட்டும்போதே “முகம் ரொம்ப டல்லா இருக்கு சார், டீடேன் போட்டுரலாமா?” என்று, வெயில் கறுப்பை எடுக்கும் பூச்சுக்குக் கேட்பார்கள். சும்மா “ம்” கொட்டினாலும் சம்மதம் என்றுதான் கணக்கு. விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். சாயம் போடச் சொன்னால் அதே நாளில் போடவும் கூடாது: காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும், கறுப்புச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகத்தையே வீங்க வைத்துவிடும். பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. தெருமுனைக் கடையில் முடிதிருத்துவோர் சங்கத்தின் விலைப்பட்டியல் சுவரில் தொங்கும், வரி என்ற பேச்சே இல்லை.

பணம் கொடுப்பதில்தான் வெளிநாட்டுக்காரர்கள் முழிப்பது. கண்ணாடியில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும், கார்டு மெஷின் இருக்காது. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாட்டு போன் நம்பரிலேயே யுபிஐ எடுக்கலாம். வங்கியும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் கிளம்புமுன்பே முடித்துக்கொண்டு வருவது நல்லது. இல்லையென்றால் 50, 100 ரூபாய்த் தாள்கள் பையில் இருக்கட்டும். 500 ரூபாய்க்குச் சில்லறை வாங்க அவர் பக்கத்து டீக்கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

பெரிய ஜவுளிக்கடை வேறு உலகம். தி.நகர் உஸ்மான் சாலையோ கோவை ஒப்பணக்கார வீதியோ, நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்குவது, மாடியில் துணியைத் தேர்ந்து சீட்டு வாங்குவது, கேஷில் பணம் கட்டுவது, டெலிவரி கவுண்டரில் பில்லைக் காட்டிப் பொட்டலம் வாங்குவது, கடைசியில் வாசலில் பில்லில் முத்திரை. அவசரக்காரர்கள் தடுக்கி விழுவது டெலிவரியில். மூன்று மாடியில் வாங்கியிருந்தால் மூன்று சீட்டு, சில கடைகளில் மூன்று பொட்டலம். அங்கேயே பிரித்து பில்லோடு எண்ணிப் பாருங்கள்.

விற்பனைப் பெண் கூடவே வருவதைக் கண்காணிப்பு என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். பல கடைகளில் அவர் எண் சீட்டில் ஏறினால்தான் அவருக்குக் கணக்கு. “நான் பார்த்துட்டுக் கூப்பிடுறேம்மா” என்றால் விலகிக்கொள்வார். நாள் முழுக்க நின்றே விற்ற காலம் ஒன்று உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் திருத்தினார்கள்.

சேலையை பில் போடுமுன் முழுதாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளவுஸ் துணி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சேர்ந்திருந்தால் மொத்தம் ஆறேகால் மீட்டர் வாக்கில் வரும். ஃபால்ஸ் அடிக்கக் கொடுப்பதானால் அந்தத் துணியை நனைத்துக் காயவைத்தபின் தைக்கச் சொல்ல வேண்டும். நனைக்காத காட்டன் ஃபால்ஸ் முதல் துவைப்பிலேயே சுருங்கி, சேலையின் கீழ்க்கரையைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும். பேன்ட் நீளம் குறைப்பவர்களும் உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள். விமானத்துக்கு முந்தின நாள் இந்த வேலையைக் கொடுத்தால் நனைப்பதும் நடக்காது, மடிப்பும் இருக்காது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் இதில் சேராது, அதற்குக் கடைக்காரர் மனசு வைத்தால் மாற்றிக் கொடுப்பார், பெரும்பாலும் பகல் வேளையில், விலைச்சீட்டு கிழியாமல் இருந்தால். பில் போட போன் நம்பர் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெளிநாட்டு நம்பரைக் கம்ப்யூட்டர் ஏற்காமல் வரிசை நின்றுவிடும்போது “நம்பர் இல்லாம போடுங்க” என்றால் போடுவார்கள். போட மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம்.