ஊட்டிக்கு எது தோது: ஜெர்கினா, மூணு அடுக்கா? குடையா, ரெயின்கோட்டா?

ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பம் முதலில் தேடுவது தடிமனான ஜெர்கினை. ஆனால் மலையில் ஆளை நடுங்க வைப்பது வெறும் குளிர் இல்லை, ஈரமும் காற்றும் குளிரோடு சேர்வதுதான். ஜனவரியில் ராத்திரி 5 டிகிரிக்குப் போனாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நனைந்தது காய்ந்துவிடும். ஜூலையில் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் நாள் முழுக்கச் சாரல், அலசிப்போட்ட பனியன் ரெண்டு நாளானாலும் ஈரமாகவே தொங்கும். சென்னைக்காரரை அதிகம் படுத்துவது ஜூலைதான்.

கொடைக்கானல் கணக்கு வேறு. ஊட்டிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை முக்கியம் என்றால், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரில்தான் வலுத்துப் பெய்யும். தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று அந்த மாதங்களில் கொடைக்கானலுக்கு ஓடினால் அதே மழை அங்கேயும் காத்திருக்கும்.

ஜெர்கின் / அடுக்கு

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மலை ரயிலில் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கீழே வியர்க்கும், குன்னூரில் மூடுபனி வரும், ஊட்டியில் இறங்கும்போது தூறும். ஒரே ஜெர்கின் என்றால் போடலாம் அல்லது கழற்றலாம், நடுவில் ஒன்றும் செய்ய முடியாது. கீழேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே வியர்த்து, மேலே போனதும் அந்த வியர்வையே குளிரும். பஞ்சு வைத்துத் தைத்த ஜெர்கினில் இன்னொரு தொல்லை: தையல் கோடு வழியாகத் தண்ணீர் இறங்கும், பஞ்சு கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். லாட்ஜ் அறையில் ஒரு ராத்திரியில் அது காயாது.

அடுக்கு முறையில் மூன்றே உருப்படி. உடம்போடு ஒட்டி பாலியெஸ்டர் டீ-சர்ட். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வீட்டுக்கு ரெண்டு ஃபுட்பால் ஜெர்சி கிடக்கும், அதுவே போதும். அதன் மேல் முழுக்கை ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ரெயின்கோட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூடு காக்கிறது. காட்டன் பனியனை மட்டும் அடியில் போடாதீர்கள், அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஜீன்ஸும் அதே ரகம். டிராக் பேன்ட் சீக்கிரம் காயும். ஜனவரியில் அறைக்குள்ளும் ஜீப்பிலுமே பொழுதைக் கழிப்பவருக்கு ஜெர்கின் சரிதான். நடப்பவருக்கு அடுக்குதான்.

குடை / போஞ்சோ / ரெயின்கோட்

தாவரவியல் பூங்கா, ஏரி, கடைத்தெரு என்று சுற்றும் பெரியவர்களுக்குக் குடை நல்லது. வியர்க்காது, மழை விட்டதும் மடக்கிவிடலாம். ஆனால் மூன்று மடிப்புக் குடை தொட்டபெட்டா காற்றில் ஒரே வீச்சில் கவிழ்ந்து கம்பி உடையும். மடக்காத நீளக்குடை அதைவிடத் தாங்கும். சாய்ந்தடிக்கும் சாரலில் முழங்காலுக்குக் கீழே எந்தக் குடையும் காப்பாற்றாது.

போஞ்சோ, அதாவது தலைவழியாக மாட்டும் மழைப்போர்வை, முதுகுப் பையையும் சேர்த்து மூடும், அதுதான் அதன் ஒரே பெருமை. காற்றில் முகத்தில் வந்து அறையும். இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் சமாளிக்கலாம்.

பைக்குக்கு வாங்கும் ரெண்டு பீஸ் ரெயின்கோட்தான் மூன்றிலும் மேல். வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், முக்கியமாகத் தோளிலும் கவட்டையிலும். டேப் இல்லாதது அரை மணி மழைக்குத்தான். சைஸ் ஒன்று கூட்டி எடுங்கள், உள்ளே ஸ்வெட்டர் நுழைய வேண்டும். (எம்.சி. ரோடு கடையில், மே மாத வேக்காட்டில், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ரெயின்கோட் அளவு பார்ப்பவரை எல்லாரும் முறைப்பார்கள். பார்க்கட்டும்.) ஹெல்மெட்டுக்கு மேல் போடும் தொப்பி பெரிதாக இருந்து கண்ணை மறைக்கும், உள்ளே ஒரு கிரிக்கெட் கேப் போட்டால் நிற்கும். பேன்ட் காலை ஷூவுக்கு வெளியே விடுங்கள். உள்ளே திணித்தால் தண்ணீர் நேராக ஷூவுக்குள் போகும்.

ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வருஷக்கணக்காகக் கிடந்த ரெயின்கோட்டை அப்படியே எடுத்துப்போக வேண்டாம். நம்மூர்ச் சூட்டில் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்திருக்கும். கிளம்பும் முன் தோளில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே தடவிப் பாருங்கள். சரியாக இருந்தால் பையின் மேல்பக்கம் வையுங்கள், அடியில் அல்ல.

காலுக்கு

கேன்வாஸ் ஷூ வேண்டவே வேண்டாம். வார் வைத்த சாண்டல் சீக்கிரம் காயும், ஆனால் விரல் விறைக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்று, அறைக்குச் செருப்பு ஒன்று, ஆளுக்கு நாலு ஜோடி சாக்ஸ். ஷூ நனைந்தால் உள்தகட்டை உருவிவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் பேப்பரை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும்.

இங்கேயா, மேலேயா?

ரெயின்கோட்டை இங்கேயே வாங்கிவிடுங்கள், இறங்கியவுடன் தேவைப்படும். ஸ்வெட்டர், மங்கி குல்லா, கையுறை எல்லாம் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி எடுக்கலாம். ஆனால் ஒரு ஸ்வெட்டராவது கையில் இருக்கட்டும், அந்தக் கடைக்குப் போய்ச் சேரும்வரை குளிருமே. குழந்தைகளுக்கு மட்டும் எல்லாமே வீட்டிலிருந்து, மாற்று உடுப்பு ஒன்று கூடுதலாக. துணியைப் பிரித்துக் கட்ட மெல்லிய கேரி பேக் எடுக்காதீர்கள். நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

2019 ஆகஸ்டில் ஊட்டி பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. வானிலை மையம் நீலகிரிக்கு ரெட் அலர்ட் கொடுத்தால் எந்த ரெயின்கோட் என்று யோசிக்காமல் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.