நீரிழிவா, சர்க்கரை நோயா?

பெங்களூரு அல்சூர் மெடிக்கல் ஷாப்பில் அம்மா கேட்பது ‘சுகர் மாத்திரை’. பக்கத்தில் நிற்பவர் கன்னடத்தில் ‘சக்கரே காயிலே’ என்கிறார். சுவரில் ஒட்டிய நோட்டீஸில் ‘மதுமேஹ’. ‘நீரிழிவு’ என்று நான் சொன்னால் அம்மாவே சிரிக்கிறாள்: “அது பரீட்சைத் தமிழ்டா.”

எனக்கென்னவோ அந்தப் பரீட்சைத் தமிழ்தான் பிடிக்கிறது. இழிதல் என்றால் கீழே இறங்கி வழிதல். அருவிக்கும் அந்த வினை பொருந்தும். கேவலம் என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது. டயாபெடிஸும் இதையேதான் சொல்கிறது. கிரேக்கத்தில் ‘ஊடே கடந்து போவது’. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் குழாயில் போவதுபோல் போய்விடுகிறதாம். பழங்காலக் கிரேக்க மருத்துவர், கப்படோக்கியாவின் அரெட்டாயஸ் எழுதிய குறிப்பில், சதையே கரைந்து சிறுநீராக ஓடுகிறது.

சர்க்கரை நோய் என்பது பாதி உண்மை. சிறுநீர் இனிக்கும் என்பதை பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் ‘மதுமேகம்’ சொல்லிவிட்டது; மது என்றால் தேன். ஐரோப்பாவில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அதை 1670களில்தான் எழுதினார். இந்த நோயின் மருத்துவப் பெயர் டயாபெடிஸ் மெல்லிடஸ்; லத்தீன் ‘மெல்லிடஸ்’ என்றாலும் தேன்தான். (சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் பருக்கைக் கல், மணல்!)

ஆனால் டயாபெடிஸ் இன்சிபிடஸ் என்று ஒன்று இருக்கிறது. ஓயாத தாகம், லிட்டர் கணக்கில் சிறுநீர், சர்க்கரை துளியும் இல்லை. காரணம், சிறுநீரகம் தண்ணீரைத் தக்கவைக்க உதவும் வாசோப்ரெசின் ஹார்மோன் கோளாறு. அதைச் சர்க்கரை நோய் என்று எப்படிச் சொல்வது? நீரிழிவு கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு நோய்க்கும் டயாபெடிஸ் என்றே பெயர் இருந்த குழப்பத்தால்தான் 2022இல் நிபுணர்கள் அதன் ஆங்கிலப் பெயரையே மாற்றப் பரிந்துரைத்தார்கள்.

கடையில் மட்டும் நானும் ‘சுகர் மாத்திரை’தான். இல்லாவிட்டால் வரிசை நகராது.