புகார் கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறிவிடுவேன், அக்கா?

நவம்பரில் மூன்று வாரம் பாளையங்கோட்டை போயிருந்தேன். அம்மாவுக்கு 78 வயது, பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருடமாகிறது. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே அக்காதான். நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து பணம் அனுப்புகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபிக்கும் ஒரு பெண் வந்தார். அம்மாவைப் பார்த்து முடித்ததும் அக்காவிடம் திரும்பி, "உங்க இடுப்பு எப்படிம்மா இருக்கு? தூக்கும்போது முட்டியை மடக்கித் தூக்குங்க" என்றார். இத்தனை நாளில் அக்காவின் உடம்பைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறையாம். நானும் கேட்டதில்லை.

சிக்கல் வங்கியில். அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். கைரேகை பதியவில்லை, நேரில் கூட்டி வாருங்கள் என்று போன வருடம் சொல்லி, இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் வைத்து, வங்கிப் படியில் மறுபடி தூக்கி, அம்மா வெட்கத்தில் அழுதிருக்கிறாள். இந்த வருடமும் அதே பதில். 70 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து இந்தச் சான்றை வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது. நான் கவுண்டரில் சத்தம் போடத் தயாராக இருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, "ஏலே, நீ சத்தம் போட்டுட்டு பிளேன் ஏறிருவ. நாளைக்கு இதே ஆளுகிட்ட நான்தானல போய் நிக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது ரொம்பச் சரி. வெளிநாட்டிலிருந்து வரும் நாம் கொட்டும் கோபத்துக்கெல்லாம் விலை கொடுப்பது வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள்தான். அதனால் அன்று ராத்திரி உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், வயது, நோய், தேவை மூன்றையும் எழுதி, அக்கா பெயரிலேயே ஒரு பக்க மனு தயார் செய்தோம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம். அந்தச் சீல் முக்கியம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) போவதற்கு அதுதான் கையில் இருக்கும் சாட்சி. ஆனால் அதுவரை போகவில்லை, நான்காம் நாள் ஓர் அலுவலர் வீட்டுக்கே வந்து சான்றை வாங்கிக்கொண்டு, அக்கா கொடுத்த மோரும் குடித்துவிட்டுப் போனார்.

இங்கிலாந்தில் 2014 சட்டப்படி, வீட்டாரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி தனியாக மதிப்பிட வேண்டும். அதைச் சொன்னபோது, "பெத்த தாயைப் பாக்கிறதுக்கு உரிமை என்னல" என்றாள் அக்கா. இந்தியாவிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது. அந்த வரியைக் காட்டினேன், இரண்டு முறை படித்தாள்.

அப்புறம், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பாத ஹோம் நர்ஸ் ஏஜென்சி ஒன்று இருக்கிறது. நான் கிளம்பிய பிறகு அக்காவே நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி, புகார் எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பணம் இன்னும் வரவில்லை. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாளாம்.